கல்லும் காவலும்: தொண்டை மண்டலத்தில் சந்தை உரிமை கைமாறிய வரலாறு

முன்பின் அறியாதவர்கள் கூடிப் பண்டம் மாற்றும் இடம் சந்தை. எடை குறையாது, பேசிய விலை மாறாது, வழியில் மூட்டை பறிபோகாது என்ற உறுதியை யாரேனும் ஒருவர் ஏற்றாக வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் அந்த உறுதிக்கு அடையாளமாகச் சந்தைத் திடலில் கற்சிலுவை நின்றது. அரச சாசனம் சந்தை கூட்டும் உரிமையைத் தந்தது. சிலுவை பேச்சுக்குச் சாட்சியானது. தேவாலய வளாகங்களில் சந்தை கூடக் கூடாது என்று 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம் விதித்தது. ஏழை வியாபாரிகள் சுங்கமின்றி விற்க, சிசெஸ்டர் நகரில் 1501இல் கூரையுடன் கூடிய சந்தைச் சிலுவை ஒன்றை ஆயர் எட்வர்ட் ஸ்டோரி கட்டுவித்தார். திமிரி, ஆர்க்காடு, வேலூர் வட்டாரம் அடங்கிய தொண்டை மண்டலத்திலும் சந்தைக்குக் காவல் யார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை தந்துள்ளது.

பூதம் காத்த அங்காடி

தமிழில் சந்தைக் காவலின் பழைய சித்திரம் ஒன்று சிலப்பதிகாரத்தில் உள்ளது. புகாரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே கூடிய நாளங்காடியில் காவல் பூதத்துக்குப் பலிபீடம் இருந்தது. வெள்ளிடை மன்றத்தில் அளவும் பெயரும் பொறித்த பொதிகள் காவலாளின்றிக் கிடந்தன. அவற்றைத் திருடியவன் கழுத்து நோகச் சுமந்து திரிந்தான். பொய்ச்சாட்சி சொன்னவரைச் சதுக்கப் பூதம் பாசக்கயிற்றால் கட்டியது. காவியம் காட்டும் இந்த நகரில் வாணிக ஒழுக்கத்தைக் காத்தது தெய்வ அச்சமே.

வணிகர் நட்ட கல்

சோழர் காலத்தில் காவல் பொறுப்பு வணிகர் குழுக்களின் கைக்கு வந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர், நானாதேசிகள் போன்ற குழுக்கள் தம் ஆட்சிப் பரப்பைப் பதினெண் பட்டணம், முப்பத்திரண்டு வேளாபுரம், அறுபத்துநான்கு கடிகைத்தாவளம் என்று கல்வெட்டுகளில் கூறிக்கொண்டன. குறித்த காலத்தில் கூடும் சந்தையே கடிகைத்தாவளம். பொன்னேரிக்கு அருகிலுள்ள காட்டூரிலும், மதனப்பள்ளி வட்டாரத்துப் பாசினிகொண்டாவிலும் உள்ள 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள், வணிகர் கூடித் தம் தீர்மானத்தால் ஊர்களை வீரபட்டணமாகவும் எறிவீரபட்டணமாகவும் அறிவித்ததைப் பதிவு செய்கின்றன. சரக்கைக் காத்த படைவீரர்களே எறிவீரர்கள். இக்குழுக்களின் கற்கள் பலவற்றில் கலப்பை, அரிவாள், வாள், குடை, விளக்கு முதலிய உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்தறியாத வழிப்போக்கனுக்கும் இது யார் காவலில் உள்ள இடம் என்பதை அவை உணர்த்தின. சிலுவை செய்த வேலையை இங்கே இந்தக் கற்கள் செய்தன. ஆனால் இவற்றை நட்டவர்கள் அரசனோ ஆயரோ அல்லர், வணிகர்கள்.

இந்த வணிக வலைக்குள் திமிரியும் இருந்தது. திமிரி வட்டாரத்து விளாப்பாக்கத்தை அடுத்த பஞ்சபாண்டவ மலையில், முதலாம் இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டு (கி.பி. 993) கல்வெட்டு ஒன்று உள்ளது. படுவூர்க் கோட்டத்துப் பெருந்திமிரி நாட்டைக் குறிப்பிடும் அது, சமணப் பள்ளிக்குக் கற்பூரவிலை என்ற வருவாய் விட்டுக்கொடுக்கப்பட்டதைக் கூறுகிறது. கற்பூரம் கடல் கடந்து வந்த சரக்கு. அதற்குப் பெயர்போன சுமத்ராவின் பாரூசை ஒட்டிய லோபு துவாவில் ஐந்நூற்றுவரின் தமிழ்க் கல்வெட்டு 1088இல் பொறிக்கப்பட்டது.

வரி விதிப்பிலும் வணிகர் கை ஓங்கியிருந்தது. பிரான்மலையின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் உப்பு, அரிசி, மிளகு, பாக்கு, இரும்பு, பருத்தி முதல் குதிரை, யானை வரை பண்டந்தோறும் பட்டணப்பகுடி என்ற பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கியவர்கள் வணிகர்களே. அரசனின் சுங்கம் இதற்குப் புறம்பானது. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றதே அச்சுங்கம் எவ்வளவு கனத்தது என்பதைக் காட்டும்.

கோட்டையும் பேட்டையும்

குழுக்கள் தளர்ந்த பின் வணிகர்கள் கோட்டைகளின் நிழலை நாடினர். 1751இல் ஆங்கிலேயப் படைத்தலைவர் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் நுழைந்தபோது, வணிகர்கள் பாதுகாப்புக்காக அங்கே வைத்திருந்த 50,000 பவுன் மதிப்புள்ள சரக்குகள் இருந்தன. அவை உரியவர்களிடமே திருப்பித் தரப்பட்டன. அங்கிருந்து தப்பிய கோட்டைக் காவற்படை தெற்கே 6 மைல் தொலைவிலுள்ள திமிரிக் கோட்டைப் பக்கம் ஒதுங்க, அடுத்த சில நாட்களில் கிளைவ் இருமுறை திமிரிக்குப் படை நடத்தினார். நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாப்பேட்டை, ஆட்சியாளர் ஆதரவில் வளர்ந்த வணிகப் பேட்டைக்குச் சான்று.

ஏலமும் ரசீதும்

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1866இல் வாலாஜாப்பேட்டை நகராட்சியானது. ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வாறு காவல் காவல்துறைக்கும், சந்தை வரி உள்ளாட்சிக்கும் சென்றன. இன்றும் சுங்கம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சி ஏலத்தில் விடுகிறது. குத்தகைதாரர் தலைக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு என்று வாங்கி ரசீது தருகிறார்.

இப்பகுதியின் தோல் தொழில் ஆடுமாடுகளை நம்பியது என்பதால் கால்நடைச் சந்தைகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் பொய்கை மாட்டுச் சந்தை அவற்றுள் பெரியது. 2017 மே 23 அன்று மத்திய அரசு, இறைச்சிக்காகக் கால்நடைகளைச் சந்தையில் விற்பதைத் தடுக்கும் விதிகளை வெளியிட்டது. ஒரு வாரத்தில், மே 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பாசினிகொண்டாவில் வணிகரே கூடி எடுத்த முடிவின் இடத்தில் இப்போது அரசாணையும் நீதிமன்றமும் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளில் சந்தையின் காவல் வலுப்பெற்றது. அதன் விதிகளை வகுக்கும் உரிமை வணிகர் கையைவிட்டு அகன்றது.