ஒரே பந்தோபஸ்து... பென்சன் மட்டும் வேற வேற!

செங்கல்பட்டு: 2019 அக்டோபரில் மோடி - ஜி ஜின்பிங் சந்திப்பு, 2022-ல் செஸ் ஒலிம்பியாட் என மாமல்லபுரத்தில் கால் கடுக்க நின்ற போலீசார் எல்லோருக்கும் டூட்டி ஒன்றுதான். பென்சன் மட்டும் ஒன்றல்ல. காரணம், 1.4.2003 என்ற தேதி.

அதற்கு முன் வேலைக்கு சேர்ந்தவர்களுக்கு பழைய ஓய்வூதிய திட்டம். 30 வருட சர்வீஸ் இருந்தால் கடைசி சம்பளத்தில் பாதி, மாதாமாதம் பென்சனாக வரும். 10 வருடம் முடித்திருந்தாலும் சர்வீசுக்கு ஏற்ப பென்சன் உண்டு. அவர் இறந்துவிட்டால் மனைவிக்கு குடும்ப பென்சன்.

அந்த தேதி முதல் சேர்ந்தவர்களுக்கு வந்தது சி.பி.எஸ். எனும் பங்களிப்பு ஓய்வூதிய திட்டம். சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம். அரசும் அதே அளவு போடும். ரிட்டையர் ஆகும்போது மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும், அதோடு சரி. அப்புறம் மாசம் பொறந்தா என்ன செய்வது என்பதே போலீஸ் குடும்பங்களின் கவலையாக இருந்தது.

இதற்கு தீர்வாக, 10 சதவீத பிடித்தத்துடன் கடைசி அடிப்படை சம்பளத்தில் 50 சதவீதம் பென்சன் உறுதி என்ற புதிய திட்டத்தை தமிழக அரசு 2026 ஜனவரியில் அறிவித்தது.

எந்த திட்டமானாலும் கணக்கு தொடங்குவது சேர்ந்த தேதியில்தான். சர்வீஸ் புத்தகத்தில் அந்த தேதியும் வாரிசு பெயரும் சரியாக இருக்கிறதா என்று ரிட்டையர் ஆவதற்கு முன்பே பார்த்து வைப்பது நல்லது.