299

அனலைதீவில் ரிவி பார்ப்பதென்றாலே ஜெனறேற்றர் பூட்ட வேண்டியிருந்தது. கம்பியூட்டர் எங்கே! ஆனாலும் கேம் மிசின்காரரின் சண்டையும் எங்கள் ஓட்டமும் ஒரே காலத்தவை.

1983 ஜூலை 15 ஜப்பானில் நின்ரென்டோவின் ஃபாமிகொம் வந்தது. பத்து நாளில் தமிழருக்கெதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தது. அதே வருசம் அமெரிக்காவில் கொமடோர் கொம்பனியின் ஜாக் ட்ராமியேல், 595 டொலருக்கு இறக்கிய கொமடோர் 64 கம்பியூட்டரை 200க்குக் கொண்டுவந்தார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வீட்டுக் கம்பியூட்டர் தொழிலையே கைவிட்டது. கேம் மிசின் செய்த அட்டாரியும் சரிந்தது. கம்பியூட்டர் விளையாட்டோடு பிள்ளை படிக்கவும் உதவும் என்றால் எந்தத் தகப்பன் வெறும் கேம் மிசின் வாங்குவான்?

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோ சுற்றித்தான் செய்தி கேட்டோம். ரொறன்ரோ மச்சானின் கடிதமோ, பெடியள் செகாவா நின்ரென்டோவா என்று அடிபடுவதைச் சொல்லும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

1995 மே, லொஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சி. செகா தன் புது மிசின் சற்றேர்னுக்கு 399 டொலர் என்றது. சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, "299" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பேச்சென்றால் அதுதான் பேச்சு. செப்டெம்பரில் அந்த 299 டொலர் பிளேஸ்டேசன் அங்கே கடைக்கு வந்தது. ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடும் வழியில், மழையில் நாவற்குழிப் பாலத்தில் நின்றோம்.

2001இல் செகா மிசின் செய்வதையே விட்டது. அடுத்த வருசம் போரால் மூடிக்கிடந்த ஏ9 வீதி திறந்ததும் எங்கள் பெடியளுக்குக் கிடைத்தது, நின்ரென்டோவுக்கு ஒரு சதமும் போகாத மலிவான போலி ஃபாமிகொம்.