பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள்

 

முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "டீச்சர், நம்ம கடற்கரையில இருந்து முத்து போச்சு சரி, பதிலுக்கு என்ன வந்துச்சு?" என்று ஒருவன் கேட்டிருந்தான். வகுப்பில் வாயே திறக்காத பையன் அவன்! அவனுக்காகவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

வந்தவற்றில் விலை கூடியது குதிரை. நம் குலசையிலிருந்து வடக்கே திருச்செந்தூரைத் தாண்டினால் காயல்பட்டினம். அதற்கும் வடக்கே தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் பழையகாயல். 700 ஆண்டுகளுக்கு முன் காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அப்போது மதுரையில் ஆண்டவர் மாறவர்மன் குலசேகர பாண்டியன். நம் ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே மன்னர்தான்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே எழுதி வைத்திருக்கிறார். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். ஜமாலுதீன் என்ற வணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் பணம் கொடுக்க வேண்டும்! அவருடைய தம்பி தகியுதீன் காயல் துறைமுகத்தையே நிர்வகித்தார்.

இத்தனை பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? அதே காலத்தில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லையாம். சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைத்துப் போட்டார்களாம். லாடக்காரர்களையும் வைத்தியர்களையும் வணிகர்கள் இங்கே வரவிடவில்லை என்றும் எழுதுகிறார். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்?

வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் கூர்மையானது. வந்த குதிரையை நாற்பது நாள் முளையில் கட்டிப்போட்டு, வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பால் என்று கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள். பிறகு எந்தப் பயிற்சியும் கொடுக்காமல், அங்கவடிகூட இல்லாமல், ஏறி விரட்டுவார்கள். கொஞ்ச நாளில் காற்றாய்ப் பறந்த குதிரை சவுக்கடி இல்லாமல் நகராத குதிரையாகிவிடும்.

பயிற்சி ஏன் அவ்வளவு முக்கியம்? குதிரையின் மதிப்பு அதன் நடையில் இருக்கிறது. சாதாரணத் துள்ளோட்டத்தில் முன்னங்கால் ஒன்றும் எதிர்ப்பக்கப் பின்னங்கால் ஒன்றும் சேர்ந்து எழும். இடையில் நாலு காலும் தரையை விட்டுவிடும். மேலே இருப்பவர் தூக்கித் தூக்கிப் போடப்படுவார். ராஜஸ்தானின் மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி இனங்களில் 'ரேவால்' என்று ஒரு நடை உண்டு. நாலு காலும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். ஏதாவது ஒரு கால் தரையில் இருந்துகொண்டே இருப்பதால் முதுகு குலுங்காது, நெடுந்தூரம் போகலாம். இப்படிப்பட்ட நடையில் பிறப்புக்கும் பங்கு உண்டு. ஐஸ்லாந்துக் குதிரைகளை ஆராய்ந்த ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2012இல் அதற்கான மரபணு மாற்றத்தையே கண்டுபிடித்தார்கள். ஆனால் பிறவியில் இருந்தாலும் பொறுமையாகப் பழக்கினால்தான் நடை சீராக வரும். பிள்ளைகளும் அப்படித்தான், நாற்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

நம்மவர்களுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். குதிரையின் ஐவகை நடைக்கு 'ஐங்கதி' என்றும், வட்டமாகச் சுற்றி ஓடுவதற்குச் 'சாரி' என்றும் தமிழில் சொல் இருக்கிறது. கடல் வழியே குதிரை வந்ததைப் பட்டினப்பாலையே பாடுகிறது. நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரம் தஞ்சை சரசுவதி மகாலில் சுவடியாக இருந்து அச்சிலும் வந்தது. 'இராவுத்தர்' என்ற சொல்லுக்கே குதிரை வீரர் என்றுதான் பொருள். ஏட்டில் இருந்த அறிவு லாயத்தில் வேலை பார்த்தவன் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பது என் கருத்து. நம் வெக்கையும் தீவனமும் அந்தக் குதிரைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. ஆனால் அது தெரிந்த பிறகும், வித்தை தெரிந்த ஆளைக் கூப்பிட்டு வைத்துக் கற்றுக்கொள்வதைவிட அடுத்த கப்பலுக்குப் பொன் எண்ணுவதே நடந்திருக்கிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? 2024 பிப்ரவரியில் நம் ஊர் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இனி நம் கடற்கரையிலிருந்து ராக்கெட் போகும். நமக்குப் பெருமைதான். ஆனால் அதை இயக்கத் தெரிந்தவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? வாசலில் காவல் நிற்பதோடும், மொட்டை மாடியில் நின்று செல்போனில் படம் எடுப்பதோடும் நின்றுவிடக் கூடாது.

என்னிடம் படித்த பிள்ளைகளில் இன்ஜினியர்கள் இருக்கிறீர்கள், ஐடிஐ முடித்து வெளிநாட்டில் வெல்டிங் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். தசராவுக்கு ஊருக்கு வருவீர்கள் அல்லவா? வரும்போது ஒரு நாள் ஒதுக்கி, பத்தாவதும் பிளஸ் டூவும் படிக்கும் நம் பிள்ளைகளிடம் உங்கள் வேலையைப் பற்றிப் பேசுங்கள். யார் யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். இடத்துக்கும் டீக்கும் நான் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்