மேரி கோமும் ரசிகரின் இருமனமும்: 2019 தேர்வுப் போட்டி விவகாரத்தை முன்வைத்து

2019 டிசம்பர் 28 அன்று புதுதில்லி இந்திரா காந்தி விளையாட்டரங்கில் குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம், நிகத் ஸரீனை 9-1 என்ற கணக்கில் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக்கு 51 கிலோ எடைப்பிரிவில் யாரை அனுப்புவது என்பதை முடிவு செய்த தேர்வுப் போட்டி அது. முடிவில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனாலும் போட்டி முடிந்ததும் இளையவருடன் கைகுலுக்க மேரி மறுத்ததுதான் பேசுபொருளானது. புள்ளிக்கணக்கு பின்னுக்குப் போனது. மதிப்பை எதிர்பார்ப்பவர் முதலில் பிறரை மதிக்க வேண்டும் என்பது மேரி சொன்ன காரணம். இருபது ஆண்டுகளாக அவரைக் கொண்டாடிவந்த ரசிகர்கள் பலருக்கு அன்று வெற்றியின் மகிழ்ச்சியும் மனக்கசப்பும் ஒன்றாகவே வந்தன.

இந்த இருமனத்துக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, ரசிகர் நன்றி மறந்தவர், ஏற்றிவிட்டவரே இறக்கியும் விடுவார் என்பது. மற்றது, இது மாநிலப் பற்றும் மதச் சார்பும் மாறுவேடம் போட்டு வந்த சண்டை என்பது. இரண்டும் போதாதவை. மேரியை நேசித்த காரணத்துக்கு உண்மையாக இருக்க முயன்றதால்தான் ரசிகரின் மனம் இரண்டாகப் பிரிந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். அமைப்புகள் செய்ய வேண்டியதை ஒரு தனிமனிதரின் தலையில் ஏற்றிவைத்த நம் விளையாட்டு நிர்வாகம் அந்தப் பிளவை மேலும் ஆழமாக்கியது.

மாநிலப் பற்று என்ற விளக்கத்தைச் சோதிக்கக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காவேரிப்பட்டினம் நல்ல இடம். தமிழ்நாட்டில் குத்துச்சண்டை என்றால் வடசென்னை. தென்பெண்ணைக் கரையில் இருக்கும் இந்த ஊருக்கு அப்படியொரு மரபு கிடையாது. தொலைக்காட்சியும் திரைப்படமும் கொண்டுவந்து சேர்த்த ஆட்டம்தான். இங்கிருந்து மணிப்பூரும் தொலைவு, நிகத்தின் நிஜாமாபாத்தும் தொலைவு. இருவரில் எவரும் ‘நம்மூர்ப் பெண்’ இல்லை. ஆனாலும் ‘பெரிய ஆள்தான், மறுக்கவில்லை; ஒருமுறை மோதிப் பார்க்கட்டுமே, அதில் என்ன குறைந்துவிடும்?’ என்ற தொனிப் பேச்சு இங்கும் உண்டு. இந்த வட்டார மக்களின் போட்டி உணர்வைச் செதுக்கியது எருது விடும் விழா. குறித்த தூரத்தை எந்த எருது குறைந்த நொடியில் ஓடிக் கடக்கிறதோ அதற்கே பரிசு. போன ஆண்டு முதல் பரிசு வாங்கிய எருதுக்கு மேளதாளத்தோடு மாலை போடுவார்கள். ஆனால் இந்த ஆண்டுப் பரிசு வேண்டுமென்றால் அதுவும் வாடியிலிருந்து புறப்பட்டு ஓடியே ஆக வேண்டும். மாலையும் பரிசும் வேறு வேறு என்பது இங்கே யாரும் விளக்கத் தேவையில்லாத நியாயம்.

அந்த நியாயத்தை இந்தியக் குத்துச்சண்டையில் நிலைநாட்டியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் மேரிதான். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. சூராசந்த்பூர் மாவட்டத்தின் காங்கதேய் கிராமத்தில், கோம் என்ற சிறு பழங்குடியில், கூலி விவசாயியின் மகளாகப் பிறந்தவர். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் டிங்கோ சிங் வென்ற தங்கம் மணிப்பூர் இளைஞர்களைக் குத்துச்சண்டைப் பக்கம் திருப்பியது. அவர்களில் மேரியும் ஒருவர். மகள் கிளவுஸ் மாட்டுகிறாள் என்பதே தந்தைக்குத் தெரியாது. 2000-இல் மாநிலப் பட்டம் வென்ற செய்தி நாளிதழில் வந்த பிறகுதான் தெரிந்தது. 2001-இல் முதன்முறையாக நடந்த பெண்கள் உலகப் போட்டியில் வெள்ளி. அதன்பின் 2002, 2005, 2006, 2008, 2010 என ஐந்து தங்கங்கள். 2007-இல் இரட்டைக் குழந்தைகள் பெற்றவர் மறுஆண்டே உலகப் பட்டத்தோடு திரும்பினார். இவை நடந்த காலம் முழுவதும் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டைக்கு இடமே இல்லை. 2012 லண்டனில் வாசல் திறந்தபோதும் 51, 60, 75 கிலோ என மூன்றே எடைப்பிரிவுகள்தான். 48 கிலோவில் உலகை வென்றவர் தன்னைவிடப் பெரிய உடல்களோடு 51-இல் மோதி வெண்கலம் கொண்டுவந்தார்.

ரசிகர் நெஞ்சில் நின்றது பதக்கப் பட்டியல் மட்டுமன்று. ‘கதவைத் திறந்துவிடுங்கள், நான் யாரென்று உள்ளே வந்து காட்டுகிறேன்’ என்று நின்ற ஒருவரின் வரலாறு அது. தந்தை, ஊர், ஆண்களின் சங்கங்கள், ஒலிம்பிக் குழு, தாய்மை பற்றிய பொதுப்புத்தி என அடைத்த கதவுகள் பல. ஒவ்வொன்றையும் களத்தில் நின்றே திறந்தார். மேரியின் ரசிகராவது என்றால் இந்தக் கோரிக்கையின் பக்கம் நிற்பது.

2019-இல் அதே கோரிக்கையோடு கதவுக்கு வெளியே நின்றவர் நிகத். உலான் உடே உலகப் போட்டிக்கு முன் ஆகஸ்டில் நடக்கவிருந்த 51 கிலோ தேர்வுப் போட்டியைக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு நிறுத்திவிட்டு மேரியை நேரடியாக அனுப்பியது. அங்கே அவர் வெண்கலம் வென்றார். அது அவருடைய எட்டாவது உலகப் பதக்கம். தங்கமோ வெள்ளியோ வென்றால்தான் ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக்கு நேரடி இடம் என்பதே அதுவரை சொல்லப்பட்டுவந்த விதி. வெண்கலத்துக்குப் பிறகும் நேரடித் தேர்வு பற்றிக் கூட்டமைப்புத் தலைமை பேசத் தொடங்கியதும், அக்டோபரில் விளையாட்டு அமைச்சர் கிரண் ரிஜிஜுவுக்கு நிகத் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா அவருக்கு ஆதரவாகப் பேசினார். குத்துச்சண்டையில் அவர் தலையிடக் கூடாது என்றார் மேரி. இந்த வாக்குவாதத்தில் ஒரு பழைய செய்தி மறக்கப்பட்டது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கான தேர்வில் மேரி தோற்றிருக்கிறார். அவரை வென்று சென்ற பிங்கி ஜாங்ரா அங்கே வெண்கலம் வாங்கினார். தேர்வுப் போட்டி மேரிக்குப் புதிதல்ல, அதில் தோற்பதும் புதிதல்ல. அந்தத் தோல்வியால் அவர் புகழ் ஒரு துளியும் குறையவில்லை. இதையெல்லாம் கண்டிருந்த ரசிகர் 2019-இல் குழம்பியதற்கு நன்றியின்மையைக் காரணம் காட்டுவது எப்படிப் பொருந்தும்?

இவ்வளவும் ஒரு பக்கம். நிகத் ஆதரவாளர்கள் போதிய கவனம் தராத மறுபக்கம் ஒன்று உண்டு. ‘இன்னொரு முறை நிரூபித்துக் காட்டு’ என்ற சொல் மேரியின் காதில் எப்படி விழுந்திருக்கும்? வடகிழக்கு முகத்தை இந்திய முகமாக ஏற்கவே தயங்கும் நாடு இது. 2014-இல் அவர் வாழ்க்கை இந்தியில் படமானபோது அவராக நடித்தவர் பிரியங்கா சோப்ரா. மணிப்பூரில் இந்திப் படங்களுக்கு இருந்த தடையால் அவர் சொந்த மாநிலத் திரையரங்குகளில் அந்தப் படம் ஓடவுமில்லை. குழந்தை பெற்றதும் முடிந்துவிட்டது என்றார்கள், நிரூபித்தார். வயதாகிவிட்டது என்றார்கள், 2018-இல் தில்லியில் ஆறாவது உலகத் தங்கம் வென்றார். அதே 2019 மே மாதம் இந்தியா ஓப்பன் போட்டியில் நிகத்தையே தோற்கடித்திருந்தார். இத்தனைக்கும் பிறகு மீண்டும் ஒரு தேர்வு என்றால், அவருக்கு அது விதியாகத் தோன்றாமல் வாழ்நாள் முழுக்கத் துரத்திவந்த சந்தேகத்தின் அடுத்த தவணையாகத் தோன்றியிருக்கலாம். ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலை விடுதிகளில் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் இளம் தொழிலாளர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, எங்கே போனாலும் ‘நீ யார்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பதன் அலுப்பு புரியும்.

ஆக ரசிகருக்கு முன்னால் இருந்தவை இரண்டு நியாயங்கள். வெளியே நிற்பவருக்கு ஒரு வாய்ப்பு தர வேண்டும் என்பது ஒன்று; ஒருவரை முடிவில்லாமல் சோதித்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பது மற்றது. இரண்டையும் அவருக்குக் கற்றுத்தந்தது மேரியின் வாழ்க்கையே. டிசம்பர் 28 அன்று அவை நேருக்கு நேர் வந்தன. என் தீர்ப்பைக் கேட்டால், போட்டி நடந்தது சரி. கைகுலுக்க மறுத்தது குறை, ஆனால் மன்னிக்கக்கூடிய குறை. குத்துச்சண்டை வீரர் துறவியாக இருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

இவ்வளவு கடுமையான மோதலைத் தனிமனிதர்கள் தாங்க நேர்ந்ததற்குக் காரணம் நிர்வாகத்தின் வெறுமை. லண்டன் பதக்கம் கிடைத்த அதே 2012-ஆம் ஆண்டின் டிசம்பரில் இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பைச் சர்வதேசச் சங்கம் இடைநீக்கம் செய்தது. இடையில் பாக்ஸிங் இந்தியா என்ற அமைப்பு வந்து போனது. 2016-இல்தான் இன்றைய கூட்டமைப்பு உருவானது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இந்த விளையாட்டுக்கு இந்தியாவில் உறுதியான வீடு இல்லை. இருந்தது மேரி என்ற பெயர். அதே 2016-இல் அவர் மாநிலங்களவை நியமன உறுப்பினரும் ஆனார். சங்கத்தைவிட வீராங்கனை பெரியவராகிவிட்டால், அவருக்குச் செய்யும் சலுகை விதியைப் போலவே தோன்றத் தொடங்கிவிடும்.

வெளியாளாக நின்று புகழ்பெற்றவர் அரசின் ஆளாக மாறும்போது ரசிகர் தடுமாறுவதற்குப் பெரிய முன்னுதாரணம் முகமது அலி. 1980-இன் தொடக்கத்தில் அவர் சென்னை வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியது இன்றும் வடசென்னையில் பேசப்படும் நிகழ்வு. அந்த இந்தியப் பயணத்தின்போதே மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆப்பிரிக்க நாடுகளைத் திரட்டும் வேலை அமெரிக்க அதிபர் கார்ட்டரிடமிருந்து வந்தது. இங்கிருந்தே தான்சானியாவுக்குப் பறந்தார். 1967-இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்துப் பட்டத்தை இழந்தவர், இப்போது வெள்ளை மாளிகையின் தூதர். தான்சானிய அதிபர் நைரேரே அவரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். ஜோ ஃபிரேசியரை அவர் இழித்துப் பேசியதைவிட இந்தப் பயணமே அலியை நேசிப்பவர்களுக்கு நெருடலாக இருக்க வேண்டியது; நம்மூரில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மேரியின் வாழ்வில் இதற்கு இணையான கட்டம் 2019 அல்ல, 2023. அந்த ஜனவரியில் மல்யுத்தக் கூட்டமைப்புத் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது வீராங்கனைகள் பாலியல் துன்புறுத்தல் புகார் எழுப்பியதும், விளையாட்டு அமைச்சகம் அமைத்த மேற்பார்வைக் குழுவுக்கு மேரி தலைவரானார். குழு அறிக்கை தந்தது. அமைச்சகம் அதை முழுமையாக வெளியிடவில்லை. ஏப்ரலில் வினேஷ் போகாட்டும் சாக்‌ஷி மாலிக்கும் மீண்டும் ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். மே 28 அன்று போலீசார் அவர்களை இழுத்துச் சென்ற படங்களை நாடே பார்த்தது. அதே மே மாதத் தொடக்கத்தில் தன் மாநிலம் எரிகிறது, உதவுங்கள் என்று பிரதமரிடம் இணையத்தில் கெஞ்சியவர் மேரி. மோதிக்கொண்ட குகிகளுக்கும் மெய்தேய்களுக்கும் இடையில் சிக்கிய தன் சிறு இனத்துக்காக உள்துறை அமைச்சருக்கும் பின்னர் எழுதினார். அந்தத் துயரின் கனத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. என்றாலும் குழுத் தலைவர் என்ற பொறுப்பைத் தனியாக எடைபோடத்தான் வேண்டும். விளையாட்டு நிர்வாகிகளிடம் பெண்கள் படும் பாடு தமிழ் ரசிகர் அறியாதது அல்ல. சென்னைக் குத்துச்சண்டை வீராங்கனை துளசியைப் பற்றிய நார்வே ஆவணப்படம் ‘லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை’, மேரியின் தன்வரலாறு வெளிவந்த அதே 2013-இல் வந்தது. சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’ 2016-இல் அந்த அழுக்கை வணிகத் திரைக்கே கொண்டுவந்தது. இந்தப் பின்னணியோடு பார்ப்பவருக்கு, வெளிவராத அறிக்கையும் அதைப் பற்றிய தலைவரின் மௌனமும் மறுத்த கைகுலுக்கலைவிடப் பல மடங்கு பெரியவை. ரசிகர்கள் இரண்டையும் ஒரே கசப்பில் கலந்துவிடுகிறார்கள். கைகுலுக்க மறுத்தது ஒரு போட்டியாளரின் பிடிவாதம். அறிக்கை பற்றிய மௌனம் பொதுப் பொறுப்பில் இருந்தவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இடையில் டோக்கியோவை விட்டுவிட முடியாது. 2021 ஜூலை 22 அன்று குத்துச்சண்டைத் திரைப்படம் ‘சார்பட்டா பரம்பரை’ இணையத்தில் வெளியானது. வீட்டுக்கு வீடு குத்துச்சண்டைப் பேச்சாக இருந்த அந்த வாரத்தின் கடைசியில், ஜூலை 29 அன்று, 38 வயது மேரி கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவிடம் 3-2 எனத் தோற்றார். மூன்று சுற்றுகளில் இரண்டைப் பெரும்பான்மை நடுவர்கள் மேரிக்கே தந்திருந்தார்கள். ஆனால் ஐந்து நடுவர்களும் தத்தம் கூட்டுத்தொகையைத் தனித்தனியே எண்ணுவதால், முதல் சுற்றில் விட்ட புள்ளிகள் அவரை வீழ்த்தின. தான் வென்றதாகவே நினைத்துக் களத்தை விட்டு இறங்கினார். முந்தைய ஆண்டுகளின் கசப்பெல்லாம் அன்று பலருக்கு மறந்துபோனது. அந்தத் தோல்வி கிளப்பிய கோபம் தணிந்தபின் கசப்பு திரும்பவும் வந்தது. இருமனம் என்பது பாதி அன்பும் பாதி வெறுப்புமான கலவை அன்று. இரண்டும் முழு அளவில் மாறி மாறி வருவது.

இந்த வாதத்துக்கு எதிர்ச்சோதனையாக ஒரு நிகழ்வு இருக்கிறது. 2023 மார்ச்சில் தில்லியில் நடந்த உலகப் போட்டிக்கு, ஒற்றைத் தேர்வுப் போட்டிக்குப் பதிலாகப் பயிற்சி முகாமில் பல நாள் மதிப்பீடு செய்து புள்ளி கொடுக்கும் முறையில் அணியைத் தேர்ந்தார்கள். தேசிய சாம்பியன்கள் மூவர் தங்களுக்கு மோதும் வாய்ப்பே தரவில்லை என்று தில்லி உயர்நீதிமன்றம் போனார்கள். மூவரில் ஒருவர் மஞ்சு ராணி: மேரி வெண்கலம் வென்ற அதே உலான் உடேவில் 48 கிலோவில் வெள்ளி வென்றவர். நீதிமன்றம் தலையிடவில்லை. அந்த அணியில் நிகத்தும் இருந்தார். அவர் எடைப்பிரிவில் வழக்கு எதுவும் இல்லை. தன் இரண்டாவது உலகத் தங்கத்தை அங்கே வென்றார். மஞ்சு ராணியின் 48 கிலோவில் இறங்கிய நீத்து கங்காஸும் தங்கம் வாங்கினார். கேள்வி 2019-இல் எழுந்ததேதான், குறையாகச் சொல்லப்பட்டதும் அதுவேதான். ஆனால் கூட்டமைப்பைத் தவிர இதில் பதில் சொல்ல வேண்டியவர் எவரும் இல்லை. அந்தக் கூட்டமைப்பின் மீது ரசிகருக்கு அன்பும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. மஞ்சு ராணியின் மனுவைப் பற்றிக் காவேரிப்பட்டினத்தில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.