நார்ஃபோக் வயலில் குழிக்கோல்

விதைப்பு எந்திரம் வந்ததுமே கைக்கருவி ஒழிந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் நடந்தது வேறு. ஜெத்ரோ டல் தன் எந்திரத்தை 1701 வாக்கிலேயே உருவாக்கிவிட்டார். ஆனால் அந்த நூற்றாண்டின் கடைசியில் அங்கே கோதுமை விதைப்புக்குப் பரவியது டிபிள் என்ற குழிக்கோல். சுமார் மூன்றடி இரும்புக் கம்பி. மேலே மரப்பிடி, அடியில் முட்டைபோல் தடித்துக் கூராகும் முனை. கைக்கொன்றாக இரண்டைப் பிடித்து ஓர் ஆள் பின்னோக்கி நடந்தபடி குழி போடுவார். பெண்களும் சிறுவர்களும் தொடர்ந்து வந்து குழிக்கு இரண்டு மூன்று மணி போடுவார்கள். முள்கிளைகளை இழுத்து மண் மூடுவார்கள்.

இதைப் பழமைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது தவறு. கைவீச்சில் தூவுவதைவிட விதை வெகுவாக மிச்சமானது. 1793 முதல் 1815 வரை பிரான்சுடன் நடந்த போர்க்காலத்தில் தானியம் விற்ற விலைக்கு அது பெரிய லாபம். எந்திரமோ விலை அதிகம், அடிக்கடி பழுதாகும். சிறுவர்களின் அற்பக் கூலியில் வந்த சிக்கனம்தானே என்று கேட்கலாம். உண்மைதான், அந்தக் கொடுமையை மறைக்கக் கூடாது. ஆனால் கருவியின் தகுதியை அது மட்டும் விளக்கிவிடாது. கூலியாளே இல்லாத வீட்டுத் தோட்டத்திலும் குழிக்கோல் நிலைத்ததே! முறிந்த மண்வாரியின் பிடியைக் கூராகச் சீவி, முனைக்கு இரும்புப் பூண் போட்டு, முட்டைக்கோஸ் நாற்று நட இன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள்.