கொழும்பு வீதிகளும் சுமை வண்டிற்காரரும்

ஒரு நகரம் வளர்கிறது என்று நாம் சொல்லும்போது, மாடமாளிகைகளும் அகன்ற வீதிகளுமே முதலில் எண்ணத்தில் எழுகின்றன. அந்நகரின் அரிசியையும் விறகையும் சுமந்து வந்தோர் யாவர், எந்த நிலைமையில் சுமந்தனர் என்ற வினாக்களுக்கு நம் வரலாற்று நூல்களில் விடை அருகியே காணப்படுகிறது. கொழும்பு நகரின் போக்குவரத்து வரலாற்றை இக்கோணத்தில் நின்று நோக்குவது, இன்றைய நெரிசலை விளங்கிக்கொள்ளவும் நமக்குத் துணைபுரியும்.

கொழும்பைப் பெருநகராக்கும் பணியைத் தொடக்கிவைத்தது கோப்பி. 1820களில் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் அமைப்பித்த கண்டி வீதி, முதலில் படைகளை மலைநாட்டுக்கு அனுப்பவே வேண்டப்பட்டது. பின்னர் அதே வீதி தோட்டத்துரைமாரின் கோப்பி மூடைகளைக் கடற்கரைக்கு இறக்கும் வழியாயிற்று. மாட்டு வண்டில்கள் பல நாட்கள் நடந்து அம்மூடைகளைக் கொண்டுவந்தன. வண்டிற் கூலியும் தாமதமும் தமது இலாபத்தைத் தின்கின்றன என்று தோட்டச் சொந்தக்காரர் ஓயாது முறையிட்டனர். அந்த வற்புறுத்தலின் பயனாகவே 1865இல் அம்பேபுஸ்ஸ வரையும் 1867இல் கண்டி வரையும் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. மக்களின் பயணத்துக்காக அன்றி, ஏற்றுமதிச் சரக்கின் நலன் கருதியே அது போடப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885இல் அவ்வேலை முடிவுற்றது. அதுவரை காலியை நாடிய நீராவிக் கப்பல்கள் கொழும்பை நோக்கித் திரும்பின. கோப்பி நோயால் அழிந்தது; அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1871இல் ஏறக்குறைய ஓரிலட்சமாக இருந்த நகர மக்கள்தொகை, 1911இல் இரண்டு இலட்சத்தைத் தாண்டியது.

புகையிரதம் வந்தால் வண்டில் ஒழியும் என்று எண்ணியோர் ஏமாந்தனர். நெடுந்தூரச் சுமையை அது மாட்டின் தோளிலிருந்து இறக்கியது உண்மையே. ஆனால், புகையிரத நிலையத்துக்கும் கிட்டங்கிக்கும் இடையிலும், கிட்டங்கிக்கும் துறைமுகத்துக்கும் இடையிலும் கிடந்த அந்தச் சிறுதூரத்தை யார் கடப்பது? புகையிரதம் கூடுதலாகச் சரக்கைக் கொண்டுவந்து குவிக்கக் குவிக்க, அதை நகருக்குள் இழுத்துச் செல்லும் வண்டில்களின் தேவையும் பெருகியது. ஒல்லாந்தர் காலத்துப் புறக்கோட்டையின் ஒடுங்கிய தெருக்களோ அப்படியே இருந்தன. அத்தெருக்களில் துரைமாரின் குதிரை வண்டிகளும் றிக்‌ஷாக்களும் நெருக்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவுறும் வேளையில் மின்சார ட்ராம் வண்டிகளும் வந்து சேர்ந்தன.

இந்நெருக்கடிக்கு மாநகர நிர்வாகம் கண்ட பரிகாரம் யாது? வண்டிற்காரர் வண்டிலின் மேல் அமர்ந்து ஓட்டலாகாது. இறங்கி நடந்தே மாட்டைச் செலுத்த வேண்டும் என்னும் உபவிதியை அது கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முற்பட்டது. ஆட்சியாளருக்கு அது ஒழுங்கு. வண்டிற்காரருக்கோ, பகல் முழுவதும் கொதிக்கும் தெருவில் கால்நடையாய் உழலும் தண்டனை. 1906இல் ஆயிரக்கணக்கான வண்டிற்காரர் வேலையை நிறுத்தினர். முன்னாள் பொலிஸ் அதிகாரியான ஜோன் கொத்தலாவலை (பின்னாளில் பிரதமரானவரின் தந்தை) அவர்களுக்குத் துணைநின்றார். சரக்குகள் தேங்கின, வணிகம் தடுமாறியது. நிர்வாகம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

1893இல் அச்சகத் தொழிலாளரும் 1896இல் சலவைத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்திருந்தனர். எனினும் நகரின் நாடியையே நிறுத்திக் காட்டியவர் வண்டிற்காரரே. எழுத்தறிவோ சங்கமோ அற்றவரென இகழப்பட்ட அவர்கள், உற்பத்திக்கும் வாணிபத்துக்கும் இடையே தாம் நிற்கும் இடத்தின் வலிமையை உணர்ந்தனர். 1912இல் புகையிரதத் தொழிலாளரும், 1927இல் துறைமுகத் தொழிலாளரும், 1929இல் ட்ராம் தொழிலாளரும் நடத்திய போராட்டங்களில் அவ்வுணர்வு மேலும் வளர்ந்தது. அவற்றுள் இறுதியானதன்போது மருதானையில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்கள் பலியாயின.

1958 சனவரியில் பஸ் சேவையும், அதே ஆண்டு ஆகஸ்டில் துறைமுகச் சரக்குக் கையாளலும் அரசுடைமையாயின. இவை பெரும் வெற்றிகளே. ஆயினும் துறைமுக வாயிலுக்கும் கடை வாசலுக்கும் இடைப்பட்ட அந்தப் பழைய சிறுதூரம் பெரும்பாலும் தனியார் லொறிகளுக்கே விடப்பட்டது. 1960இல் ட்ராம் நின்றது. 1964இல் மின்கம்பி பஸ்களும் நின்றன. 1970களின் இறுதியில் தனியார் பஸ்கள் மீண்டும் வந்தன. இன்று உள்நாட்டுச் சரக்கில் மிகச் சிறு பங்கையே புகையிரதம் சுமக்கிறது. எஞ்சியதெல்லாம் வீதியில் நிற்கிறது.

இன்றும் நெரிசலைப் பற்றிப் பேசுவோர், லொறிச் சாரதியையும் முச்சக்கர வண்டிக்காரரையும் புறக்கோட்டையில் மூடை சுமக்கும் நாட்டாமியையும் இடையூறுகளாகவே காண்கின்றனர். நெரிசலை உண்டாக்கியவர் இவர்களல்லர். சரக்கைக் குவிக்கும் இலாபமும், அதற்கேற்ற வழியைத் திட்டமிடாத ஆட்சியுமே அதனை உண்டாக்கின. விதிகள் வேண்டா என்பது நம் வாதமன்று. விதி வகுக்கும் மேசையில் சுமப்பவனுக்கும் ஓரிடம் வேண்டும் என்பதே நம் வாதம். அவ்விடம் மறுக்கப்படின் விளைவு யாதாகும் என்பதை 1906ஆம் ஆண்டின் கொழும்பு கண்டது. நாளைய பொறியியலாளரையும் நிர்வாகியையும் உருவாக்கும் நம் ஆசிரியர்கள், அந்த ஆண்டையும் தம் வரலாற்றுப் பாடத்தில் சேர்த்துக்கொள்வாராக.