வாடிய நாற்றும் வாழ்ந்த தோட்டமும்

வீட்டு வாயிலில் தொட்டியில் வைத்த செடி வாடத் தொடங்கினால் நாம் செய்யும் முதற்காரியம் தண்ணீர் ஊற்றுவது. மறுநாளும் வாடியிருந்தால் இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். மூன்றாம் நாள் இலை மஞ்சளித்து உதிரும். 'கைராசி இல்லை' என்று சொல்லித் தொட்டியை வேலியோரம் தள்ளிவிடுவோம். அப்போது செடியைப் பிடுங்கிப் பார்த்தால் பல சமயங்களில் வேர் கறுத்து அழுகியிருக்கும். அது தாகத்தால் வாடவில்லை. மூச்சுத் திணறி வாடியது. அதன் நோய் ஒன்று, நாம் செய்த மருத்துவம் வேறொன்று.

சிரம்பான் நகரை ஒட்டிய ரஹாங் பக்கத்து வீடுகளில் தடித்துப் பளபளக்கும் இலைகளையுடைய செடியைத் தொட்டியில் வைத்து 'ரப்பர் செடி' என்று அழைப்பதைக் காணலாம். அது ஆலமரத்தின் இனம். அஸ்ஸாம் முதல் மலாயா வரை காட்டில் வளர்வது; மலாய்க்காரர் ரம்போங் என்பர். அதன் பாலிலிருந்தும் ரப்பர் எடுக்கலாம். மலாயாவின் தொடக்ககாலத் தோட்டங்கள் சிலவற்றில் அதனையும் நட்டுப் பார்த்தார்கள். ஆனால் நம் பாட்டன் பாட்டியர் விடியற்காலையில் உளியும் வாளியுமாகச் சென்று வெட்டிய பால்மரம் அஃது அன்று. ஹெவியா என்னும் அந்த மரம் பிரேசில் நாட்டு அமேசான் காட்டைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் அதுவும் தொட்டிச் செடியாக, கண்ணாடிப் பெட்டிக்குள் வாடும் நிலையில் இந்தப் பக்கம் வந்தது. அது பிழைத்த வரலாற்றைக் காண்போம். அது பிழையாது போயிருந்தால் ரஹாங்கில் இன்று நம்மில் எத்தனை பேர் இருந்திருப்போம் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

கண்ணாடிப் பெட்டி

கப்பலில் செடிகளைக் கொண்டு செல்வது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெரும் சோதனையாக இருந்தது. மேல்தளத்தில் வைத்தால் உப்புக் காற்று கருக்கும். கீழே வைத்தால் வெளிச்சம் இல்லை. குடிநீரே அளந்து கொடுக்கப்படும் கப்பலில் செடிக்கு யார் நீர் தருவார்?

இதற்கு வழி கண்டவர் இலண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு. 1829இல் அவர் ஒரு விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஒரு புட்டியில் இட்டு மூடி வைத்தார். பூச்சியை எதிர்பார்த்தவர் கண்டது, மண்ணில் முளைத்த ஒரு சிறு பெரணியையும் ஒரு புல்லையும்! பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. பின் வடிந்து மண்ணுக்கே திரும்பியது. யாரும் நீர் ஊற்றாமலே அந்தச் செடிகள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே இறங்கிய பின்னரே அவை மடிந்தன. நம் தொட்டிச் செடியின் கதையும் அதுதானே!

1833இல் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு அனுப்பினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. சீனத்துத் தேயிலைச் செடிகள் இமயமலைச் சாரலுக்கு வந்ததும் இத்தகைய பெட்டிகளில்தான்.

எழுபதாயிரம் வித்துகள்

ரப்பர் வித்துக்கு ஒரு குறை உண்டு. அதில் எண்ணெய்ப் பசை அதிகம். மரத்திலிருந்து விழுந்த சில வாரங்களுக்குள் முளைக்கும் திறனை இழந்துவிடும். 1873இல் இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திற்கு ஏறத்தாழ 2,000 வித்துகள் வந்தன. முளைத்தவை பன்னிரண்டே. அவற்றுள் ஆறு கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்டு அங்கே பட்டுப்போயின.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசானின் கிளையாறான தாப்பஜோஸ் பகுதியில் ஏறத்தாழ 70,000 வித்துகளைச் சேகரித்துக் கப்பலேற்றினார். அவை அந்த ஆண்டு ஜூன் திங்கள் நடுவில் கியூவை அடைந்தன. கியூவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் வெப்பக்கூடங்களில் இடத்தை ஒழித்துக் கொடுக்க, வித்துகள் உடனே விதைக்கப்பட்டன. முளைத்தவை ஏறத்தாழ 2,700. நூற்றுக்கு நான்குகூட இல்லை. விக்கமின் துணிவைப் புகழ்ந்து எழுதியோர் பலர். பிரேசில் மக்களோ அதனைத் திருட்டு என்றே இன்றும் கூறுவர். இரு சாராரும் விக்கமைப் பற்றியே பேசுகின்றனர். அதன் பின் அந்த நாற்றுகளை வளர்த்து ஆளாக்கியோரைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இரு துறைமுகங்கள்

அதே ஆண்டு ஆகஸ்ட் திங்களில் 1,919 நாற்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. வில்லியம் சாப்மன் என்ற தோட்டக்காரர் உடன் சென்றார். வெயில் ஏறியபோது மறைப்பிட்டும், வேண்டியபோது காற்றோட்டம் தந்தும் அவற்றைப் பார்த்துக்கொள்வது அவர் பணி. கொழும்பை அடைந்தபோது பத்தில் ஒன்பது நாற்றுகள் உயிரோடு இருந்தன. கொழும்புக்கு வடகிழக்கே, வெப்பமும் ஈரமும் நிறைந்த தாழ்நிலமாகிய ஹெனரத்கொடையில் அவற்றுக்கென ஒரு தோட்டம் அமைந்தது. மலைமேல் உள்ள பேராதனையைவிட இந்த இடமே தாழ்நிலக் காட்டு மரத்திற்கு ஏற்றது என்று கண்டுகொண்டதே பாதி வெற்றி.

சிங்கப்பூருக்கு நேர்ந்ததோ வேறு. அதே 1876இல் ஐம்பது நாற்றுகள் அங்கு அனுப்பப்பட்டன. கப்பற்கூலி செலுத்துவதில் நேர்ந்த தாமதத்தால் பெட்டிகள் துறைமுகத்திலேயே தேங்கின. தோட்டத்தார் கைக்கு வந்தபோது நாற்றுகள் உயிரோடு இல்லை. ஆயிரக்கணக்கான மைல் கடலைத் தாங்கிய செடி, ஒரு கணக்குப் புத்தகத்தைத் தாங்க முடியாமல் மாண்டது!

1877 ஜூன் திங்களில் மறுபடியும் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. இவை விக்கமின் வித்தில் முளைத்தவையா, அதே காலத்தில் ராபர்ட் கிராஸ் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த நாற்றுகளின் வழிவந்தவையா என்ற வழக்கு ஆராய்ச்சியாளரிடையே உண்டு. எங்ஙனமாயினும் இந்த 22 நாற்றுகளே மலாயா ரப்பரின் மூலமுதல் எனலாம். சிங்கப்பூர்த் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த மர்ட்டன் அவற்றுள் ஒன்பதைப் பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்குக் கொண்டு சென்றார். அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டு ஹியூ லோவின் தோட்டத்தில் அவை நடப்பட்டன. அவற்றுள் ஒன்றென மதிக்கப்படும் முதிய மரம் இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை சிங்கப்பூரிலேயே வளர்ந்தன.

காயம் ஆற்றிய அறிவு

மரம் பிழைத்தது, ஆனால் அதனை விரும்புவார் இல்லை. தோட்ட முதலாளிகளின் மனமெல்லாம் காப்பியில் இருந்தது. 1888இல் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக வந்தபோது, முதல் மரங்களும் அவற்றின் வித்தில் முளைத்த இளமரங்களும் களைகளுக்கு நடுவே நின்றன. அவர் களையை நீக்கி வெளிச்சமும் காற்றும் புகச் செய்தார். பிறகு, பாலை எப்படி எடுப்பது என்று ஆராயத் தொடங்கினார்.

பிரேசில் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். கொத்து ஆழமாக இறங்கினால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவேயுள்ள வளர்படலம் சிதையும். அந்த இடத்தில் மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும். ரிட்லி பட்டையை மெல்லியதாகச் சீவிப் பார்த்தார். அதே வெட்டின் ஓரத்தை மறுமுறை சிறிதளவே சீவினால் பால் முன்னிலும் மிகுதியாக வடிவதைக் கண்டார். வளர்படலத்தைத் தொடாத வெட்டின்மேல் புதுப்பட்டை வளர்ந்து மூடுவதையும், விடியற்காலையிலே பால் நன்கு ஓடுவதையும் அறிந்தார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த விதிகள் புதியவை அல்ல. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு ஓடியதும், மரத்தில் காயம் பட்டால் ஏச்சு வாங்கியதும் இந்த விதிகளின் விளைவே.

ரிட்லி சட்டைப் பையில் ரப்பர் வித்துகளை வைத்துக்கொண்டு காண்போரிடமெல்லாம் நடும்படி வற்புறுத்தினார். 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டமே அவருக்குக் கிடைத்தது. 1896 அளவில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்ற சீன வணிகர் அவர் சொல்லைக் கேட்டு நட்டார். மலாயாவில் வணிக முறையில் அமைந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவென்பர். ஏளனம் பெற்ற ரிட்லி நூறு ஆண்டு நிறைந்து 1956இல் மறைந்தார். தம் பித்து ஒரு நாட்டின் பிழைப்பானதைத் தம் கண்ணாலேயே கண்டார்.

நெகிரி செம்பிலானில்

இன்று சிரம்பான் என்று வழங்கும் பகுதி அந்நாளில் சுங்கை ஊஜோங் எனப்பட்டது. ஈய வயல்களோடு லைபீரியக் காப்பித் தோட்டங்களும் அங்கிருந்தன. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. 1890களின் பிற்பகுதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. இலை தின்னும் புழுவும் காப்பிச் செடியை மொட்டையாக்கியது. கையைப் பிசைந்து நின்ற முதலாளிகளுக்கு அப்போதுதான் ரிட்லியின் வித்து நினைவுக்கு வந்தது. காப்பியும் பிரேசில் விலையால் வீழ்ந்தது; அதன் இடத்தைப் பிடித்த ரப்பரும் பிரேசிலில் பிறந்தது.

மோட்டார் வண்டியின் சக்கரம் சுழலச் சுழல ரப்பரின் விலை ஏறி 1910இல் உச்சத்தைத் தொட்டது. காடழிக்கவும் நாற்று நடவும் பால் வெட்டவும் ஆள் வேண்டியிருந்தது. தஞ்சை, திருச்சி, சேலம், தென்னார்க்காடு, வடார்க்காடு என்று பல மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் கங்காணிகளின் பின்னே கப்பலேறினர். 1907இல் இந்தியக் குடியேற்ற நிதி ஏற்பட்டு, தோட்டங்களிடம் தீர்வை பெற்று அவர்களின் கப்பற்கூலியைச் செலுத்தியது. ஐம்பது நாற்றுகளைக் கொன்ற கப்பற்கூலி, மனிதருக்கு மட்டும் தவறாமல் செலுத்தப்பட்டது! ஏனெனில் அவர்கள் இல்லாமல் நாற்று மரமாகாது, மரமும் பணமாகாது.

நாற்றுக்கு மண்ணும் நிழலும் அறிந்து கொடுத்தார்கள். அதனை நட்ட மனிதருக்கு அந்தக் கவனம் கிடைத்ததா? லயங்களில் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் மாண்டோர் மிகப் பலர். இடம் மாற்றி நட்ட செடி பிழைக்க வேண்டுமானால் என்ன வேண்டும் என்று கியூ தோட்டம் 1876இலேயே அறிந்திருந்தது. இடம் மாறிய மனிதன் பிழைக்க வேண்டுவனவற்றை அறிய முதலாளிகள் இன்னும் நெடுங்காலம் எடுத்துக்கொண்டனர். ஆயினும் அந்த மனிதர் வேர் பிடித்தனர். கோயிலும் பள்ளியும் கட்டினர்.

இன்றைய பாடம்

பிறந்த இடமான அமேசான் காட்டுப் பகுதியில் ரப்பர் மரத்தைப் பெருந்தோட்டமாக வளர்க்க முடியவில்லை. மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1920களின் இறுதியில் அமேசானில் பெருந்தோட்டம் அமைத்தார். நெருக்கமாக நட்ட மரங்களில் இலைக்கருகல் என்ற பூஞ்சண நோய் பரவி அவற்றை அழித்தது. 1945இல் அவர் அனைத்தையும் பிரேசில் அரசிடம் விட்டு விலகினார். வித்தாகவும் கண்ணாடிப் பெட்டியிலும் கடல் கடந்த மரம் அந்த நோயைப் பிரேசிலிலேயே விட்டு வந்தது நம் நற்பேறு. ஆனால் நம் மரங்களெல்லாம் மிகச் சில நாற்றுகளின் பரம்பரை என்பதால், ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கக்கூடும். அதனால்தான் அமேசான் பகுதியிலிருந்து வரும் செடிகளையும் வித்துகளையும் மலேசியா கடுமையாகச் சோதிக்கிறது.

சிரம்பானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது, சில வீட்டுமனைகளாகிவிட்டன. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் நகரத்து வீட்டு வாயிலில் தொட்டியில் செடி வைக்கிறார்கள். அது வாடும்போது குவளையை எடுக்குமுன் சற்றே நின்று பார்க்கட்டும். மண்ணில் விரலை நுழைத்து ஈரம் காணட்டும். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று நோக்கட்டும். அழுகிய வேரைக் கத்தரித்து, புதுமண்ணில் வைத்து, கடும் வெயில் படாத வெளிச்சத்தில் சில நாள் பொறுத்திருக்கட்டும். 22 நாற்றுகள் பிழைத்ததும் இத்தகைய பொறுமையான கவனத்தாலேயே. வித்தைக் கொண்டுவந்தவன் பெயரை வரலாறு எழுதி வைத்தது. நாள்தோறும் குனிந்து பார்த்துக் களை பறித்தவர்களின் பெயர்களை எழுதவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளாவது அவர்களை நினைவில் வைத்திருக்க வேண்டும்.